நாய் எடுக்கும் முன் அதன் குணத்தைக் கணிப்பது எப்படி: ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரை, நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ரகம் கடிக்கும், எந்த ரகம் கடிக்காது?" இந்தக் கேள்வியோடு கிளம்பினால் பெரும்பாலும் பொருந்தாத நாய்தான் வீட்டுக்கு வரும். "லேப் (லாப்ரடார்) கடிக்கவே கடிக்காது" என்று நம்பி வாங்கிய வீட்டில் குழந்தையின் உதட்டில் தையல். கோம்பை என்றால் ஆளைக் கிழித்துவிடும் என்று காவலுக்கு வாங்கிய வீட்டில், யாராவது வந்தால் அது கட்டிலுக்கு அடியில்.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது: முதலில் வீடு, அடுத்து ரகம், அடுத்து தாய் நாய், அதற்கப்புறம்தான் குட்டி. புதிதாக நாய் எடுப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குட்டியைத் தூக்கி மடியில் வைத்த பிறகு தாயைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: அகலமான துணிக் கழுத்துப்பட்டை, 2 மீட்டர் கயிறு, நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் இடம், அருகிலுள்ள கால்நடை மருந்தகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற விவரம். வளர்ந்த நாய் என்றால் வாய்க்கூடு ஒன்றும் வேண்டும். சங்கிலியை இப்போது வாங்காதீர்கள். காரணம் 8-ஆம் பகுதியில் இருக்கிறது.

1. முதலில் வீட்டைக் கணியுங்கள்

ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் நாயோடு இருக்கப் போவது யார், ஆடு கோழி பூனை உண்டா, வாசலுக்கு யாரெல்லாம் வந்து போவார்கள்.

நாயை ஆசைப்பட்டு வாங்குபவர் கடலுக்குப் போகிறவராக இருப்பார். அவர் போனால் மறுநாள்தான் கரை திரும்புவார். நாய்க்குச் சோறு வைப்பதும் அவிழ்த்துக் கட்டுவதும் அவருடைய அம்மாவோ மனைவியோதான். 35 கிலோ நாயை அந்த அம்மாவால் கயிற்றில் பிடித்து நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றால் அந்த அளவுள்ள எந்த ரகமும் அந்த வீட்டுக்கு வேண்டாம், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.

ஆடு, கோழி விஷயத்தையும் லேசாக எடுக்காதீர்கள். இந்தப் பக்கம் கோழி தெருவில் மேயும், ஆடு உடைமரக் காட்டுக்குள் தானாகப் போய்த் தானாக வரும். ஓடுவதைத் துரத்துகிற நாயை வாங்கினால், முதல் சண்டை திருடனோடு வராது, பக்கத்து வீட்டாரோடுதான் வரும்.

அப்புறம் வாசல். கருவாட்டு வியாபாரி, ஐஸ் கொண்டுவரும் பையன், வலை சரிபார்க்க வருபவர்கள், குழுக் கடன் வசூலுக்கு வருபவர் என்று நாள் முழுக்க ஆள் நடமாட்டம் உள்ள வாசலில், அந்நியரைச் சந்தேகிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய்க்கு நாள் முழுக்க வேலை. ராமேஸ்வரத்தில் யாத்திரை வருபவர்களுக்கு அறை விடும் வீடு என்றால் இன்னும் மோசம். அந்த நாய் ஓயாது. ஓயாத நாய்க்கு எரிச்சல் சீக்கிரம் வரும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, "காவலுக்கு வேண்டும்" என்பதைக் "கடிக்க வேண்டும்" என்று எடுத்துக்கொள்வது. காவலுக்குத் தேவை குரைப்பு. நேரத்துக்குக் குரைக்கிற நாட்டு நாய் ஒன்று இருக்கும் வீட்டைத் திருடன் தாண்டிப் போய்விடுவான். கடிக்கிற நாயிடம் கடிபடுவது பெரும்பாலும் வீட்டு ஆட்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும்தான்.

2. ரகத்தின் பெயரிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

ரகம் சொல்பவை: எவ்வளவு வளரும், எவ்வளவு ஓட்டம் கேட்கும், எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, வெயில் தாங்குமா, பரம்பரையாக என்ன குறை வரும். இவ்வளவையும் நம்பலாம்.

ரகம் சொல்லாதது: உங்கள் எதிரே நிற்கிற இந்த நாய் கடிக்குமா என்பது. 2022-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ரகத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்தில் ரகத்தின் சாயல் ஓரளவு தெரிந்தது. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் கோபம் வரும் என்பதில் ரகத்தை வைத்துச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஊரில் 'கடிக்கிற ரகம்' என்று சொல்வது அந்தக் குணத்தைத்தான்.

அதற்காக ராட்வைலரும் பொமரேனியனும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கடிக்குமா என்பது ஒரு கேள்வி. கடித்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ரகம் நேரடியாகப் பதில் சொல்லும். 45 கிலோ நாய் கடித்தால் சதை கிழியும், 5 கிலோ நாய் கடித்தால் காயம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்; ஊசி இரண்டுக்கும் வேண்டும். டாக்ஸ்ஹண்ட், சிவாவா போன்ற சின்ன ரகங்கள் அந்நியரிடமும் வளர்ப்பவரிடமும் அதிகம் பாய்வதாக 2008-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தக் கடி செய்தித்தாளுக்குப் போவதில்லை, அவ்வளவுதான். கையாளத் தெரியாதவர்கள் பெரிய ரகம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உட்பட 23 ரகங்களைப் பட்டியலிட்டு, உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கொடுக்கும் முன் உங்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ரகங்களுக்கு வருவோம். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லி உடம்பு வேட்டை நாய்கள். கண்ணால் பார்த்துத் துரத்துவதற்காக உருவானவை. மனிதரிடம் கூச்சமாக இருக்கும், ஓடுகிற முயலைக் கண்டால் காது கேட்காது. கோழி மேய்கிற தெருவில் இவற்றைக் கயிறு இல்லாமல் விட முடியாது. இது கோபம் அல்ல, வேட்டை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "கோழியைக் கொன்ற நாய் நாளைக்குப் பிள்ளையைக் கடிக்கும்" என்று அடித்துத் துரத்துகிறார்கள். துரத்தும் புத்தி வேறு, ஆளிடம் வரும் கோபம் வேறு.

கோம்பைக்கும், ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கம் மண்டை நாய் என்று சொல்கிற தலை பெருத்த வகைக்கும் காவல் புத்தி உண்டு. அந்நியரை ஏற்க நேரம் எடுக்கும். குட்டியிலேயே ஆட்களைப் பழக்காமல் விட்டால் பின்னால் சரிசெய்வது கஷ்டம்.

ராஜபாளையத்தில் கவனிக்க வேண்டியது காது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில், பிறவிச் செவிடு இந்த ரகத்தில் அதிகம். செவிட்டு நாய் தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். வீட்டில் "வெறி பிடித்த ரகம்" என்பார்கள். பாவம், அதற்கு ஆள் வந்ததே தெரியாது. இன்னொன்று, வெள்ளையாக மூக்கு சிவந்து இருந்தாலே ராஜபாளையம் என்று விற்கிறார்கள். பல குட்டிகள் கலப்பு.

விற்பவர்கள் சொல்லும் சில நம்பிக்கைகளை இங்கேயே முடித்துவிடலாம். பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது பொய், எந்த நாயின் தாடையிலும் பூட்டு கிடையாது. டாபர்மேனின் மூளை வளர்ந்து மண்டையை முட்டுவதால் வெறி வரும் என்பதும் பொய். 20 நகம் இருந்தால் வீரம் என்பார்கள். பொதுவாக நாய்க்கு 18 நகம், பின்காலில் ஒட்டுநகம் இருந்தால் 20, அதற்கும் குணத்துக்கும் தொடர்பில்லை. மேல்வாய் கறுப்பும் அப்படித்தான். பச்சை இறைச்சி, பச்சை மீன் தின்றால் ரத்தவெறி வரும் என்பது இந்தக் கரையில் யாரும் நம்பக் கூடாத விஷயம். வெறி வரும் என்றால் பாம்பன் இறங்குதளத்தில் ஒருவரும் நடமாட முடியாது. சோற்றில் மிளகாய்த்தூள் கலந்தால் நாய்க்கு ரோஷம் வராது, வயிற்றுப்புண்தான் வரும்.

3. தாய் நாயைப் பார்க்காமல் குட்டிக்கு விலை பேசாதீர்கள்

பயந்த தாயின் குட்டி பயப்படும். பாதி பிறவி, பாதி பார்த்துக் கற்றது. ஆள் வந்ததும் தாய் ஓடி ஒளிந்தால் குட்டிகளும் ஓடி ஒளியக் கற்கும். கடிக்கிற நாய்களில் பல கோபக்கார நாய்கள் அல்ல, பயந்த நாய்கள். அதனால்தான் ரகச் சான்றிதழைவிட தாயை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பார்க்கும் முறை இது. தாயைக் குட்டிகளிடமிருந்து தள்ளிக் கொண்டுவரச் சொல்லுங்கள். குட்டிகளுக்குப் பக்கத்தில் எந்தத் தாயும் உறுமும், அதைக் குறையாக எடுக்கக் கூடாது. தள்ளி வந்த பிறகு, பக்கவாட்டில் நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல் உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள். சில நிமிடத்தில் மோந்து பார்க்க வந்தால் நல்லது. குரைத்துவிட்டு அடங்கினாலும் நல்லது. அடங்காமல் பின்வாங்கிப் பின்வாங்கிக் குரைத்தாலோ, சுவரோடு ஒட்டி நடுங்கினாலோ அந்த ஈற்றுக் குட்டிகள் வேண்டாம்.

"தாய் வேற ஊர்ல இருக்கு", "கட்டிப் போட்டிருக்கோம், கிட்டப் போகாதீங்க" என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள். மதுரையிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ அட்டைப் பெட்டியில் பஸ்ஸில் குட்டி வரும், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற வியாபாரத்தில் தாயைப் பார்க்க வழியே இல்லை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

4. வயதைக் கேளுங்கள், பல்லையும் பாருங்கள்

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளே சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், கடிப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்தும், தாயைக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. 4 வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடம் இல்லை. பெரிதான பிறகு விளையாட்டாகக் கவ்வினாலும் ரத்தம் வரும்.

முன்பற்கள் முழுதாக முளைக்காமல், நடை தள்ளாடினால் அது 8 வாரக் குட்டி அல்ல, விற்பவர் என்ன சொன்னாலும்.

இன்னொரு கணக்கு: 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரைதான் குட்டியின் மனது புதிய ஆட்களை, சத்தங்களை, பிற உயிர்களைச் சாதாரணமாக ஏற்கும் காலம். அதற்குப் பிறகு பார்க்கிற புதிய விஷயம் பயமாகத் தொடங்கும். 4 மாதம் வரை கொட்டடியில் கிடந்த குட்டியை "பெருசு, சீக்கிரம் காவலுக்கு வந்துடும்" என்று தள்ளிவிடுவார்கள். வாங்க வேண்டாம்.

5. குட்டியைச் சோதிக்கும் முறை

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: குட்டியில் செய்யும் சோதனை வளர்ந்த நாயின் குணத்தைச் சொல்லாது. மிகப் பயந்ததையும் காது கேளாததையும் ஒதுக்க மட்டுமே உதவும்.

முதலில் காது. குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டுங்கள். தரையை மிதிக்க வேண்டாம், அதிர்வில் திரும்பிவிடும். தூங்கும் குட்டிக்கு அருகே சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. காது அசைய வேண்டும். ஒரு காது மட்டும் கேளாததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து, எவர்சில்வர் தட்டு ஒன்றை 2 மீட்டர் தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிட வேண்டும், அது இயல்பு. திடுக்கிட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தட்டை மோந்து பார்க்க வரும் குட்டியை எடுக்கலாம். மூலையில் ஒடுங்கி வெளியே வராததை எடுக்காதீர்கள், பரிதாபப்பட்டும் எடுக்காதீர்கள். மற்றதைத் தள்ளிவிட்டு முதலில் ஓடி வரும் போக்கிரிக் குட்டியும் முதல் தடவை வளர்ப்பவர்களுக்குச் சரிவராது. நடுவில் இருக்கும் சாதாரணக் குட்டிதான் நல்ல தேர்வு.

6. வளர்ந்த நாயை எடுப்பதென்றால்

வெளியூர் போகிறவர் விட்டுச் செல்வது, கரையில் சுற்றுவதைத் தத்தெடுப்பது, உறவினர் தருவது என்று இது நிறைய நடக்கிறது. குட்டியைவிட இது ஒருவகையில் எளிது. குணம் ஏற்கெனவே தெரியும், பார்க்கத் தெரிந்தால் போதும்.

மண்டபம் பக்கம் ஒரு கருவாட்டுக் களத்தில் பனைமரத்தில் கட்டிக் கிடந்த கோம்பை நல்ல உதாரணம். "அண்ணே, இது கோம்பை, கிட்டப் போகாதீங்க" என்றார் களத்துக்காரர். கூடையோடு ஓர் அம்மா அதைத் தாண்டிப் போனார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது, உதட்டை ஒரு தரம் நக்கியது, கொட்டாவி விட்டது. தூக்கம் வரவில்லை அதற்கு. "என்னை விட்டுவிடு" என்பதை நாய் சொல்லும் முறை அது. அந்த அம்மா திரும்பி வந்து கூடையை அதன் பக்கத்தில் வைத்தபோது கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தது, வால் தணிந்து விறைத்தது. அம்மா கையை நீட்டினார். அப்போதுதான் உறுமியது. "பாத்தீங்களா, ரகம் அப்படி" என்றார் களத்துக்காரர். அதற்குள் அந்த நாய் ஐந்து தடவை மரியாதையாகச் சொல்லிப் பார்த்துவிட்டது.

கடி திடீரென்று வருவது அபூர்வம். பார்வையை விலக்குவது, உதடு நக்குவது, கொட்டாவி, கண்ணில் வெள்ளை தெரிவது, உடம்பு விறைப்பது, உறுமல், காற்றில் கடிப்பது, அப்புறம் கடி. இந்த ஏணியில் எந்தப் படியில் நாய் இருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். கீழ்ப்படியிலேயே நீங்கள் விலகினால் மேலே ஏறாது. வால் ஆட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். உடம்பு முழுக்கக் குழைந்து ஆடும் வால் வேறு, விறைத்த உடம்பில் உயரமாக நின்று துடிக்கும் வால் வேறு.

வளர்ந்த நாயைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். தின்னும்போது 3 மீட்டர் தள்ளி நடந்து பாருங்கள். வேகமாக விழுங்கத் தொடங்கினாலோ, தட்டின் மேல் கவிழ்ந்து விறைத்தாலோ, அது சோற்றைக் காக்கும் நாய். தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. லேப் வீடுகளில் நடக்கும் கடிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

காது வெட்டிய, வால் வெட்டிய நாயிடம் இந்தச் சைகைகள் பாதி காணாமல் போயிருக்கும். வெட்டியதை வாங்காதீர்கள், வாங்கியதை வெட்டாதீர்கள்.

7. முதல் 2 வாரம்

ஊரே பார்க்க வரும். வர விடாதீர்கள். புது இடம், புது வாசனை, அலைச் சத்தம், இதோடு தொட்டுத் தூக்க இருபது கைகள் என்றால் நல்ல நாயும் பல்லைக் காட்டும்.

ஒரே இடத்தில் படுக்கை, ஒரே நேரத்தில் சோறு, ஒரே ஆள் வைப்பது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகச் சோறு வைக்கலாம். வளர்ந்த நாய் என்றால் கழுத்துப்பட்டையோடு கயிற்றையும் மாட்டி வீட்டுக்குள் இழுபட விடுங்கள். கட்டிலுக்கு அடியில் புகுந்தால் கையை விட்டு இழுக்காமல் கயிற்றைப் பிடித்து அழைக்கலாம். கையை விட்டு இழுத்ததால்தான் முதல் கடி விழுகிறது.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அப்புறம் ஆண்டுதோறும். தடுப்பூசி முடியும் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்த 14 வாரக் கணக்கு போய்விடும். தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய் மீன் ஏலத்தையும், பஸ்ஸையும், பள்ளி விடும் கூட்டத்தையும், பர்தா அணிந்தவர்களையும், தொப்பி வைத்தவர்களையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளரும் நாய் எல்லா உடையிலும் ஆட்களைப் பார்க்கும். குட்டியில் பார்க்காத உருவத்தைத்தான் பெரிதானபின் குரைத்து விரட்டும்.

8. சங்கிலி

இதை நீளமாகச் சொல்ல வேண்டும். "ஆக்ரோஷமான ரகம்" என்று என்னிடம் காட்டப்படும் நாய்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தில் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: நாள் முழுக்கச் சங்கிலி.

நாய்க்குப் பயம் வந்தால் முதல் வழி விலகி ஓடுவது. கட்டிப் போட்ட நாய்க்கு அந்த வழி இல்லை. மிச்சம் இருப்பது பாய்வது மட்டும். பாய்ந்ததும் எதிராளி பின்வாங்குவார். பாய்ந்தால் பலன் உண்டு என்று ஒவ்வொரு நாளும் அது கற்கிறது. இப்படியே போனால் எந்த ரகமும் கடிநாய் ஆகலாம்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-இல் ஓர் ஆய்வு வெளியானது. கடித்தவற்றில் சங்கிலியில் கிடந்தவை, ஆண் நாய்கள், கருத்தடை செய்யாதவை அதிகம். நேர்மையாகச் சொன்னால், ஜெர்மன் ஷெப்பர்டும் அதில் அதிகம். பிட்புல் பெயர் வரவில்லை, ஆனால் டென்வரில் அப்போது பிட்புல்லுக்கே தடை இருந்தது. ஆய்வுகளை இப்படி முழுதாகப் படிக்க வேண்டும், நமக்குப் பிடித்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

மாற்று என்ன? சுற்றுச்சுவர் இருந்தால் கதவை மூடிவிட்டு அவிழ்த்து விடுங்கள். இல்லையென்றால் இரண்டு மரத்துக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் வளையம் மாட்டி, வளையத்தில் கயிற்றைக் கட்டலாம். நாய் கம்பியின் நீளத்துக்கு நடக்கும், நிழலுக்குப் போகும், ஆளைவிட்டு விலகும். கம்பி வாசல் வழியைத் தொடாதபடி இழுக்க வேண்டும், முக்கியம் அதுதான். காலை, மாலை அரை மணி நேரம் கயிற்றோடு நடை. பனையோலை வேலி நாயைத் தடுக்காது, மூன்றாம் நாள் ஓட்டை போட்டுவிடும்.

"கட்டிப் போட்டால்தான் ரோஷம் வரும்" என்பவர்களுக்கு: வருவது உண்மைதான், ஆனால் அது ஆள் பார்த்து வராது.

9. கடற்கரை கொண்டுவரும் கோபங்கள்

நேற்று வரை சாதுவாக இருந்த நாய் இன்று கடிக்க வந்தால், குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டும் முன் மருத்துவரிடம் அதன் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி உள்ள நாய் கடிக்கும்.

இந்தக் கரையில் முதல் சந்தேகம் தூண்டில் முள். கருவாட்டுத் தலையோடு முள்ளையும் விழுங்கியிருக்கும், அல்லது உதட்டில் ஏறியிருக்கும். எச்சில் ஒழுகும், தலையைத் தொட விடாது. நீங்களே இழுக்காதீர்கள், முள்ளின் கொக்கி கிழித்துவிடும். நூல் தொங்கினால் அதையும் இழுக்க வேண்டாம். நாயின் வாயைத் திறந்து பார்க்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணி அடுத்தது. காதுக்குள் உண்ணி கட்டிக்கொண்ட நாய் தலையைத் தடவினால் சீறும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சோர்வும் எரிச்சலும் சேரும். கடல் தண்ணீரில் குளித்த நாயை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்பு காய்ந்து தோல் அரிக்கும். சித்திரை வெயிலில் நடுப்பகல் மணலில் நடத்தினால் பாதம் வெந்துபோகும், புசுபுசு முடியும் சப்பை மூக்கும் உள்ள ரகங்கள் மயங்கியே விழும். கரையில் ஒதுங்கும் பேத்தை மீனைத் தின்ன விடாதீர்கள், அது விஷம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நிற்கும் இறங்குதளங்களில் கழிவு மீன் குறையும். தளத்து நாய்களுக்குள் சண்டை கூடும். உங்கள் நாயை அந்த நாட்களில் அந்தப் பக்கம் அவிழ்த்து விட வேண்டாம். கூட்டத்தோடு சேர்ந்த நாய் தனியாக இருந்த நாய் அல்ல. தனுஷ்கோடியில் சுற்றுலா வருபவர்கள் பிஸ்கட் போட்டுப் பழக்கிய நாய்கள் காரைச் சுற்றி மொய்ப்பதும் இப்படித்தான், ஒன்று பாய்ந்தால் மற்றவையும் பாயும்.

ஆண்டின் முதல் மாதங்களில் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். இரவில் அவிழ்ந்த நாய் முட்டைக் குழியைத் தோண்டிவிடும். அந்தப் பருவத்தில் ராத்திரி நாய் வீட்டோடு இருக்கட்டும்.

10. உறுமினால் அடிக்காதீர்கள்

உறுமல் எச்சரிக்கை. அடித்தால் நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். "சத்தமே போடாம கடிச்சிடுச்சு, வெறிபிடித்த ரகம்" என்று சொல்லப்படும் நாய்களின் பின்கதை பெரும்பாலும் இதுதான். உறுமினால் நீங்கள் நில்லுங்கள், விலகுங்கள், எதற்கு உறுமியது என்று பாருங்கள், அந்தக் காரணத்தை நீக்குங்கள்.

குழந்தைகளுக்கு விதி சுருக்கமானது. தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் நாயைத் தொடக் கூடாது. கட்டிப் பிடிக்கக் கூடாது, நாய்க்கு அது அன்பு அல்ல, பூட்டு. துரத்தினால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்த ரக நாயோடும், உங்கள் வீட்டு லேப் உட்பட, தனியே விடாதீர்கள்.

11. கடித்துவிட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், ஏனென்றால் எல்லாரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படும். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். எல்லா நிலையங்களிலும் அது இருக்காது, ராமநாதபுரத்துக்கு அனுப்பினால் அன்றே போய்விடுங்கள். நடுவில் கடலுக்குப் போகும் வேலை வந்தாலும் ஊசி நாளைத் தவறவிடக் கூடாது.

கடித்தது வீட்டு நாய் என்றால் அடித்துக் கொல்லவோ ஊரைவிட்டு வெளியே கொண்டுபோய் விடவோ வேண்டாம். 10 நாள் கட்டுக்காவலில் வைத்துக் கவனியுங்கள். கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அந்த 10 நாளுக்குள் நோய் தெரிந்துவிடும், அல்லது நாய் இறந்துவிடும். நாயை விரட்டிவிட்டால் இந்தத் தகவல் கிடைக்காது. ஆனால் 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். ஊசியை உடனே தொடங்குங்கள், 10-ஆம் நாள் நாய் நலமாக இருந்தால் மீதி ஊசி பற்றி மருத்துவர் சொல்வார்.

அந்த 10 நாளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கடி எங்கே, எப்போது, யார் என்ன செய்தபோது நடந்தது என்று எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் ரகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் அந்தக் காகிதத்தைக் கொடுங்கள்.